சின்னக் குச்சியைத் தள்ளு

டேய் கண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் திருப்போரூர் கோயிலில் உன்னைப் பார்த்தேன். இளைத்துப் போயிருக்கிறாய், கேட்டால் டயட் என்கிறாய். கனடாவுக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குப்பத்துக்கு, நம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. இதைக் கேட்கத்தான் இவ்வளவு பெரிய கடிதம். ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் போனில் அனுப்புவதில் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுப் போகிறவன் நீ. நேரில் கேட்டால் "பாக்கலாம்மா" என்பாய். அந்தப் "பாக்கலாம்மா"வைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நீ வரமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

கோயிலில் பொங்கலைத் தின்றுகொண்டே நீ ஒன்று சொன்னாய். "அந்த வண்டிய காயலான் கடையில போட்டுடும்மா. போன்ல நீ பேசும்போதே அந்த சத்தம் கேக்குது." எனக்குச் சுருக்கென்றது. நம் குப்பத்துப் படகுகளை அலையிலிருந்து மேட்டு மணலுக்கு இழுத்துப் போடுகிற ஜீப் அது. படகுக்காரர்கள் கூலியாக மீனைக் கொடுத்தார்களோ காசைக் கொடுத்தார்களோ, அதில்தான் நீ படித்தாய். அதைப் போய் நெய்ப் பொங்கல் ஒட்டிய வாயால் எடைக்குப் போடு என்கிறானே என்று கோபம் வந்தது. கோயிலாயிற்றே என்று விட்டேன். ஆனால் சத்தம் என்னவோ உண்மைதான். கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது இல்லையா, நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் பெட்டி, அதிலிருந்துதான் வந்தது. முதலில் எங்கேயோ பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவதுபோல லேசாகக் கேட்டது. அப்புறம் மிக்ஸியில் ஸ்பூனைப் போட்டுவிட்டு ஓடவிட்ட மாதிரி ஆனது. கடைசியில் சீட்டுக்கு அடியில் உறுமி உறுமி, இறங்கி வீட்டுக்கு வந்து சோறு வைத்தாலும் என் இடுப்புக்குள் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

வண்டியில் இரண்டு குச்சி. பெரியது கியர், சின்னது டிரான்ஸ்பர் பெட்டிக்கு. சின்னக் குச்சியை முன்னால் தள்ளி வைத்தால் பின்சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும், அது தார் ரோட்டுக்கு. பின்னால் இழுத்தால் நாலு சக்கரமும் இழுக்கும், அது மணலுக்கு. இன்னும் பின்னால் இழுத்தால் லோ. நடக்கிறவனோடு போட்டி போட முடியாது, ஆனால் ஈரமான வலை முழுக்க மீனோடு நிற்கிற படகைக் கரையேற்றிவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியும் என்பாய். இப்போது தெரியும். அப்போது உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். மீசை முளைக்கும் முன்பே உன்னை மணலில் ஜீப் ஓட்டவிட்ட மனுஷன் அவர். ஸ்டீயரிங் உனக்கு, பெரிய குச்சி உனக்கு. சின்னக் குச்சி மட்டும் அவர் கையில். பக்கத்து சீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, "அதுல கை வெக்காத நைனா, கியர் பல்லு போய்டும்" என்று தானே போடுவார், தானே எடுப்பார். மணல் முடிந்து தார் ரோடு ஏறுகிற இடத்தில், கன்னியம்மா மீன் கூடை வைத்து விற்கிற அந்தப் புங்க மரத்தடியில், வண்டியை நிறுத்தச் சொல்லி அவரே முன்னால் தள்ளுவார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார், கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தார், ஆனால் அந்த முழங்கை நீளக் குச்சியை உன் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாக் குச்சியையும் அதன் கையில் கொடுத்துவிடு. பல் போனால் போகட்டும்.

அந்தக் காலையைப் பற்றி நாம் இருவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. உனக்கு வேண்டாம் என்றால் இந்த இடத்தைத் தாண்டிப் படி. காலேஜ் லீவுக்கு வந்திருந்தாய். அவர் படகு இழுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்மேல் சாய்ந்தார். படகு பாதி தண்ணீரில் நிற்க, கயிறு விறைத்துக்கொண்டு நின்றது. யாரோ கயிற்றை வெட்டினார்கள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள், அது வருவதற்குள் நாமே போய்விடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவரைப் பின்னால் கிடத்தினோம். தலை என் மடியில், கால் கன்னியம்மா மடியில். நீ தாவி ஏறி ஓட்டினாய். படகு இழுக்கிற வண்டி லோவில்தான் இருக்கும். புங்க மரத்தடியில் நிறுத்திச் சின்னக் குச்சியைத் தள்ளிவிடுகிற ஆள் உன் பக்கத்தில் இல்லை. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரைக்கும் அப்படியே போனோம். நீ மிதிக்க மிதிக்க எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. ஷேர் ஆட்டோக்காரன்கூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போனான். "இன்னாம்மா, போவ மாட்டுது!" என்று நீ அழுதாய். எனக்கு என்ன தெரியும்? "போடா, போடா" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், பாவம், அவருக்கு அன்றைக்கு எத்தனை கட்டிலோ. வெளியே வந்தால், வண்டியைத் திருப்பி எடுத்துப் போக வந்த உன் சித்தப்பா வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இம்மாந்தூரம் லோவுலயா வந்தே?" என்று கேட்டார். அவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஆச்சரியத்தில் வாய்விட்டுவிட்டார். இந்த இரண்டு பேச்சையும் நீ சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாய். நானும்தான் போட்டுக்கொண்டேன், உன்னிடம் எதற்குப் பொய்? குச்சியைத் தள்ளியிருந்தால் எவ்வளவு சீக்கிரம் போயிருப்போம், அதற்குள் அவர் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று நானும் கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விடை கிடைக்கவில்லை. இனிமேலும் கிடைக்காது. எப்படிப் போயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று யாராவது உன்னைத் தேற்றினால் நம்பாதே, அவர்களுக்குத் தெரியாது. பிழைத்திருப்பார் என்று சொன்னாலும் நம்பாதே, அவர்களுக்கும் தெரியாது.

காரியம் முடிந்த கையோடு நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். உன் சித்தப்பா சிரித்தார். "நெத்திலி ஆயறதோட நில்லு அண்ணி, இதெல்லாம் உனுக்கு எதுக்கு பேஜாரு?" என்றார். "சின்னக் குச்சிய மொதல்ல சொல்லு. மிச்சத்த அப்பால பாத்துக்கலாம்" என்றேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை தனியாக மணலைத் தாண்டி வண்டியைக் கொண்டுவந்தபோது, புங்க மரத்தடியில் கன்னியம்மா கூடையை விட்டுவிட்டு எழுந்து நின்று, "யக்கா! சின்னக் குச்சி!" என்று கத்தினாள். அவளும்தானே அன்றைக்கு வண்டியில் இருந்தாள், அவளுக்கும் அந்த அலறல் காதில் இருந்தது. நான் வண்டியை நிறுத்திக் குச்சியைத் தள்ளிவிட்டு, கையைத் தூக்கிக் காட்டினேன். மறுநாளும் கத்தினாள். பக்கத்தில் மீன் விற்கிறவர்கள் சேர்ந்துகொண்டார்கள், ஐஸ் உடைக்கிறவர்கள் சேர்ந்துகொண்டார்கள், டீக்கடையிலிருந்தும் குரல் வந்தது. ஜீப் மணலிலிருந்து ரோட்டுக்கு ஏறினாலே மரத்தடி மொத்தமும் "சின்னக் குச்சி!" என்று கூவும், நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். ஊர்ப் பழக்கமே ஆகிவிட்டது. ஐஸ் லாரிக்காரன் திரும்பிப் போகும்போதுகூடக் கத்துவார்கள். வெளியூர்க்காரன், ஒன்றும் புரியாமல் டயரை இறங்கிப் பார்ப்பான். ஆரம்பத்தில் அது எதற்காக வந்தது என்பது பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது.

உனக்கு நாவலூரில் வேலை கிடைத்த அடுத்த காணும் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஞாபகம் இல்லாமல் எங்கே போகும். மகாபலிபுரம் முழுக்க ஜனம், பஸ்ஸில் ஏற முடியாது என்று, பெரிய ரோடு வரைக்கும் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். அப்பா போனதிலிருந்து நீ அந்த வண்டியைத் தொட்டதில்லை. அன்றைக்கு ஏறி என் பக்கத்தில், அவர் உட்காருகிற சீட்டில் உட்கார்ந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா வண்டி ஓட்டுகிறாள், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான், ஊர் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினேன். புங்க மரத்தடி வந்தது. பண்டிகைச் சந்தோஷம் வேறு அவர்களுக்கு, வழக்கத்தைவிடப் பலமாக, கைதட்டிக்கொண்டு, "சின்னக் குச்சி!" என்றார்கள். நான் குச்சியைத் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் உன் முகத்தில் ரத்தமே இல்லை. "நடந்தே போறேம்மா" என்று இறங்கினாய். கூட்டத்துக்குள் உன் நீலச் சட்டை மறைகிற வரைக்கும் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீ செய்த ஒரே ஒரு தப்பை, அதுவும் தெரியாமல் செய்ததை, பிறந்த ஊர் ஒன்றுகூடிக் கைதட்டிக் கூவினால் யாருக்குத்தான் தாங்கும்?

அதற்கப்புறம் நீ குப்பத்துக்கு வரவில்லை. படூரில் உன் ரூம், இங்கே நம் வீடு, நடுவில் ஒரு பஸ் ஏறி இறங்குகிற தூரம். ஆனால் சம்பந்தம் பேச வந்த இரண்டு வீட்டுக்காரர்கள் மாதிரி நாம் திருப்போரூர் கோயிலில் சந்தித்து, பொங்கலைத் தின்று, ஆளுக்கொரு பஸ்ஸில் திரும்பிப் போகிறோம். ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. அந்த முருகனுக்கே நம்மைப் பார்த்து அலுத்திருக்கும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, போன வருஷம் கன்னியம்மாவிடம் போய், "இனிமே கத்தாதீங்கடி" என்றேன். "ஏங்க்கா, இன்னா தப்பு பண்ணோம்?" என்றாள். "புள்ள வூட்டுக்கு வரமாட்டேங்குது" என்றேன், அவ்வளவுதான். வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயய்யோ, அந்தக் கொயந்த மனசுல இப்டி கீதுன்னு தோணவேயில்லியே எங்களுக்கு" என்று அங்கேயே கண்ணைக் கசக்கினாள். மறுநாளிலிருந்து மரத்தடியில் சத்தம் இல்லை. பழக்கதோஷத்தில் யாராவது வாயைத் திறந்தால் கன்னியம்மா முறைக்கிற முறைப்பில் அடங்கிவிடுவார்கள். நான் ஏறிவந்தால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மீனைப் பார்ப்பார்கள். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? இனிமேல் கத்தமாட்டார்கள், வா என்றா? சொல்லவில்லை. தானாக ஒருநாள் வருவான், வந்தால் ஊர் அமைதியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். நீ வரவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இதை மட்டுமாவது முழுக்கப் படி. மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு நாள், செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு, மறுநாள் விருந்துக்கு, மீன் கேட்டிருந்தார்கள். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, மணல் இளகியிருந்ததால் நாலு சக்கரத்திலும் போட்டுத் தாண்டினேன். படகு இழுக்கவில்லை, அதனால் லோ இல்லை, வண்டி அலறவும் இல்லை. மரத்தடியைத் தாண்டினேன். யாரும் கத்தவில்லை, நான்தானே கத்த வேண்டாம் என்றேன். ராத்திரிக்குக் குழம்பா ரசமா என்று யோசித்துக்கொண்டே போனேன். திருக்கழுக்குன்றம் தேரடியில் திருப்பும்போது ஸ்டீயரிங் வரமாட்டேன் என்றது. டயர் கீச்சென்று இழுபட்டது, சீட்டுக்கு அடியில் ஏதோ பல்லைக் கடித்தது. குனிந்து பார்த்தேன். சின்னக் குச்சி பின்னால் கிடந்தது.

ஓரமாக நிறுத்தித் தள்ளினேன், வரவில்லை. தார் ரோட்டில் நாலு சக்கரத்திலும் ஓட்டினால் பெட்டி முறுக்கிக்கொண்டு அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்ததும் கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பூ விற்கிறவள் வந்து "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்கு அழுதேன். எனக்குப் பின்னால் அன்றைக்கு யாரும் உயிருக்குப் போராடவில்லையே கண்ணா. மீன்தான் இருந்தது, அதுவும் ஏற்கெனவே செத்த மீன். எனக்கு அவசரம் இல்லை, பயம் இல்லை. அந்தக் குச்சி ஒன்றைக் கற்றுக்கொள்வதற்காகவே வண்டி ஓட்டக் கற்றவள் நான். அதை நினைக்காமல் ஒரு நாள் எனக்கு விடிந்ததில்லை. அப்படிப்பட்ட நானே மறந்தேன். நீ மறந்தாய் என்றுகூடச் சொல்ல முடியாது, மறப்பதற்கு முதலில் யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அங்கிருந்தே உனக்குப் போன் போட்டேன். "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்றாய். அப்புறம் நீ கூப்பிட்டபோது எனக்குத் தைரியம் போய்விட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

சத்தம் அன்றைக்குத்தான் பெரிதானது. செங்கல்பட்டில் மெக்கானிக் பாய் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். பெட்டியிலிருந்து ஆயிலை இறக்கினார். ஜரிகை கலந்த மாதிரி மினுமினுவென்று இரும்புப் பொடி. கையைத் துடைத்துக்கொண்டே, "பல்லு தேஞ்சுபோச்சும்மா, பேரிங்கும் காலி" என்றார். சாமான் கிடைக்காதா என்றேன். "இத்தினி பழசுக்கு எங்க கெடைக்கும்? வேற வண்டிலேர்ந்து கயட்டிப் போட்டா அதுவும் இதே கதியாதான் இருக்கும். கெட்டி ஆயில் ஊத்தித் தரேன், சத்தம் கொஞ்சம் அமுங்கும். வியாதி போவாது" என்றார். நான் வெட்கத்தை விட்டு ஒன்று கேட்டேன். அன்றைக்கு ஒரு பிள்ளை செங்கல்பட்டு வரைக்கும் லோவிலேயே ஓட்டினானே, அதில் தேய்ந்ததா, இல்லை நான் மறந்து ஓட்டியதில் தேய்ந்ததா என்று. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அத்த எப்டிம்மா சொல்றது? எல்லாம்தான் சேந்து தின்னுருக்கும். உப்புத் தண்ணி வேற." பின்னால் ஒரு டிராக்டர்காரர் நின்றார், அவரைக் கவனிக்கப் போய்விட்டார். அந்தப் பொடியில் உன்னுடையது எது, என்னுடையது எது, உன் அப்பாவுடையது எது என்று பிரிக்க முடியாதாம். பிரித்துச் சொல்லியிருந்தால் அதை ஒரு தாளில் மடித்து உனக்கு அனுப்பியிருப்பேன்.

நீ கோயிலில் எடைக்குப் போடச் சொன்னாயே, அதற்கப்புறம் புதன்கிழமை காலையில் படகு இழுக்கும்போது பெட்டி போய்விட்டது. லோவில் போட்டு மிதித்தேன், கீழே தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடுகிறது, சக்கரம் நிற்கிறது. அலை வந்து கதவு வழியாக உள்ளே ஏறி என் முழங்கால் வரைக்கும் நனைத்தது. இப்போது கரையே அவ்வளவுதான் இருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் கடல் கொஞ்சம் உள்ளே வருகிறது, ஓடிப்போக மணல் இல்லை. மீனவர் சங்கத்து டிராக்டர் வந்து முதலில் படகை இழுத்தது, அப்புறம் என் வண்டியை இழுத்தது. ஊர்ப் படகை எல்லாம் இழுத்த வண்டி கயிறு கட்டிக்கொண்டு போகிறது, நான் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். புங்க மரத்தடி வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. "கன்னியம்மா, இன்னாடி பாத்துகினு நிக்கிறே?" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே, "யக்கா, சின்னக் குச்சி!" என்றாள். பெட்டிக்குள் ஒன்றும் மிச்சம் இல்லை, அந்தக் குச்சி துடுப்பு மாதிரி வெறுமனே ஆடியது. இருந்தாலும் முன்னால் தள்ளினேன். கையைத் தூக்கிக் காட்டினேன்.

ஆக, நீ சொன்னபடியே ஆயிற்று, காயலான் கடைக்காரரிடம் பேசிவிட்டேன். டிராக்டர் இருக்கும்போது இனி ஜீப் எதற்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நியாயம்தான். நான் கன்னியம்மா பக்கத்தில் ஒரு கூடை வைத்து உட்கார்ந்துகொள்வேன். என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நீ போகிற ஊரில் பனிக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வைத்திருப்பார்களாம். குச்சியே கிடையாதாம், அதுவே பார்த்து மாற்றிக்கொள்ளுமாம், உன் சித்தப்பா சொன்னார். நல்லது. அங்கே போய் நீ நன்றாக இருப்பாய், சம்பாதிப்பாய், வெள்ளைச் சட்டை போட்டுப் படம் அனுப்புவாய். இந்தக் கடிதத்தைப் படித்து உன் நெஞ்சில் இருப்பது இறங்கிவிடும் என்று நான் நினைக்கவில்லை. தேரடியில் உட்கார்ந்து அழுத எனக்கே இறங்கவில்லை. நானும் மறந்தேன் என்பதை மட்டும் உன்னிடம் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று இருந்தது, சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. காயலான் கடைக்காரர் நாளைக்கே லாரி கொண்டுவருகிறேன் என்றார். சரி என்றுதான் முதலில் சொன்னேன். வண்டி போய்விட்டால் வாசல் காலியாக இருக்கும், சத்தம் இருக்காது, மரத்தடியில் கத்துவதற்கு ஒன்றும் இருக்காது, நீ வருவதற்குத் தடையே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் உலையில் அரிசியைப் போடும்போது வேறொன்று தோன்றியது. இத்தனை வருஷம் நீ வராதபோதெல்லாம் எனக்கு நானே காரணமாக வண்டியைக் காட்டிக்கொண்டேன், அதன் சத்தத்தைக் காட்டிக்கொண்டேன், கன்னியம்மாவின் கூப்பாட்டைக் காட்டிக்கொண்டேன். எல்லாம் போன பிறகும் நீ வரவில்லை என்றால்? அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். என் பிள்ளை விமானம் ஏறின பிறகு வந்து எடுத்துக்கோங்க, அதுவரைக்கும் வாசலிலேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா